சிறுத்தை நடமாடும் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: பேரணாம்பட்டு முதல் ஜவ்வாது மலை வரை

பேரணாம்பட்டு பக்கம் காப்புக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் எப்போதும் பத்துப் பதினைந்து ஆடு இருக்கும். சில வருடங்களாகச் சுற்று ஊர்களுக்குச் சிறுத்தையைப் பற்றிப் பேசப் போய்வருகிறேன். கிராம சபையில் பேசுவேன், பள்ளிக்கூடத்தில் பேசுவேன், சில நாள் ஆட்டைப் பறிகொடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் பேசுவேன். எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வனத்துறை ஆள் இல்லை. ஆடு வளர்க்கிறவன்.

எங்க தாத்தா காலத்தில் இல்லாத சிறுத்தை இப்போது எப்படி வந்தது? ராத்திரியில் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்களாமே?

இந்த லாரிக் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. லாரியைப் பார்த்தவர் மட்டும் ஒருவரும் கிடைப்பதில்லை.

பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூரும் 2019-ல் மூன்று மாவட்டங்களானது. காடு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. பாலாற்றுக்குத் தெற்கே ஜவ்வாது மலை, ஆலங்காயம், ஒடுகத்தூர், அமிர்தி, ஏலகிரி. வடக்கே பேரணாம்பட்டு, குடியாத்தம், மோர்தானா. அதைத் தாண்டினால் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம். இந்த மலைகளில் சிறுத்தை பழைய குடி.

செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். புலியோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு நட்ட கல்லைப் புலிக்குத்திக் கல் என்பார்கள். அப்படிப்பட்ட கற்கள் பலவற்றை இன்றும் வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கல்லில் இருக்கும் புலி நிலையாகத் தங்கும் காடு இன்று நம் பக்கம் இல்லை. சிறுத்தை மட்டும் தங்கிவிட்டது. கிடைத்ததைத் தின்று, இருக்கிற புதரில் படுத்துப் பிழைக்கத் தெரிந்த மிருகம் அது.

சரி, முன்பு கண்ணில் படவில்லையே. இப்போது ஏன் அடிக்கடி ஊருக்குள் வருகிறது?

எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருக்கிறது என்பது உண்மை. அரசுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2018-ல் 868 என்றிருந்த சிறுத்தைகள் 2022-ல் 1,070 ஆயின. இப்போது தெருவுக்குத் தெரு கண்காணிப்பு கேமரா இருக்கிறது. முன்பு விடிவதற்குள் சத்தமில்லாமல் போய்விட்ட சிறுத்தை இன்று வாட்ஸாப்பில் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

ஆனால் நான் பெரிதாக நினைக்கும் காரணம் வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்றுமே கறிக்கும் தோலுக்கும் பேர் போன ஊர்கள். கடைகளில் மிஞ்சும் கோழிக் குடல், எலும்பு, ஜவ்வு எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு மலைப்பாதை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் விழுகின்றன. அதைத் தின்ன நாய்கள் சேரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். மகாராஷ்டிராவின் அகோலே என்ற இடத்தில், காடே இல்லாத கரும்பு வயல்களில் வாழும் சிறுத்தைகள் எதைத் தின்கின்றன என்று ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவும் குழுவினரும் எச்சத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். தின்ற எடையில் 39 சதவீதம் நாய். ஆடு 11 சதவீதம்தான். அங்கே நாயைவிட ஆடு ஏழு மடங்கு அதிகம். ஆட்டுக்குக் காவல் இருக்கிறது, தெரு நாய்க்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே சிறுத்தை வேண்டாம் என்கிற ஊர் முதலில் கறிக்கழிவு மூட்டையைத் தடுக்க வேண்டும். ஊராட்சியால் முடிகிற வேலை இது.

கூண்டு வைத்துப் பிடித்து, தூரத்துக் காட்டில் விட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

எல்லாக் கூட்டத்திலும் இந்தக் கேள்விக்குத்தான் கைதட்டல் விழும். நானும் ஒரு காலத்தில் கைதட்டியவன்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சிறுத்தைக்கு என்று ஒரு வட்டாரம் உண்டு. எந்த ஓடையில் தண்ணீர், எந்தப் பாறையில் நிழல், எந்த நேரத்தில் எந்தப் பாதையில் ஆள் நடப்பார்கள் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. மனிதர்களை விட்டு ஒதுங்கி நடக்க அது பழகியிருப்பதே இந்தப் பழக்கத்தால்தான். அதைப் பிடித்தால் இரண்டு விஷயம் நடக்கும். காலியான இடத்துக்கு இன்னொன்று வரும், பெரும்பாலும் வயது குறைந்த, இடம் தெரியாத ஒன்று. பிடிபட்டதோ, கூண்டில் முட்டி மோதிப் பல்லும் நகமும் உடைந்து, பழக்கமில்லாத காட்டில் வேறொரு சிறுத்தையின் வட்டாரத்தில் போய் விழும். அங்கிருந்து துரத்தப்பட்டு வேறு ஊரின் ஓரத்துக்கு வரும்.

இது வெறும் யூகம் இல்லை. மகாராஷ்டிராவின் ஜுன்னரில் 2001-ல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 பேரைத் தாக்கிக்கொண்டிருந்தன. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது 17 ஆனது. உயிர் போகும் தாக்குதலின் பங்கும் இரட்டிப்பானது. ஜுன்னரில் இன்றுவரை பிரச்சினை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரும்பு பெருகிய ஊர், சிறுத்தைகளும் நெருக்கமாக இருக்கும் ஊர் அது.

அப்புறம், கூண்டு வைப்பது நினைத்தவர் கையில் இல்லை. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுத்தை, அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் முதன்மை வன உயிரினக் காப்பாளர்தான் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். ஆளைக் கொன்ற சிறுத்தையைப் பிடிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆடு தூக்கிய ஒவ்வொரு முறையும் கூண்டு கேட்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மனுஷனை அடிக்காது என்கிறீர்கள். துருகத்தில் ஒரு பெண்ணைக் கொன்றதே?

அடிக்காது என்று நான் எங்கேயும் சொல்வதில்லை. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே துருகம் கிராமத்தில் ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்தார். வாழ வேண்டிய வயது. அந்த வாரம் சுற்று வட்டாரத்தில் ஒருவருக்கும் தூக்கம் இல்லை. அந்த வீட்டாரிடம் போய் 'சேர்ந்து வாழ்வோம்' என்று பேச எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வேண்டியது துணையும் நியாயமான இழப்பீடும்.

மற்ற வீடுகளில் அதே துக்கம் வராமல் இருக்கச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுத்தை நிமிர்ந்து நிற்கிற ஆளைப் பார்த்தால் பெரும்பாலும் விலகிவிடும். குனிந்து விறகு பொறுக்குகிறவர், உட்கார்ந்து புல் அறுக்கிறவர், வெளியே ஒதுங்கப் போய்க் குந்தியிருப்பவர், சின்னப் பிள்ளை, இவர்கள்தான் அதன் கண்ணுக்கு இரையின் உயரத்தில் தெரிகிறார்கள். அதனால் காட்டோரம் விறகுக்கோ புல்லுக்கோ இரண்டு மூன்று பேராகப் போங்கள். பேசிக்கொண்டே வேலை செய்யுங்கள். ஒருவராவது நின்று சுற்றிப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை, காட்டோரத் தெருவுக்கு விளக்கு, இரண்டும் சிறுத்தையிடமிருந்து நம்மைக் காக்கும் வேலைகள்தான் என்று கிராம சபையில் நான் வாதாடுகிறேன்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், உட்காராதீர்கள். துண்டையோ புடவைத் தலைப்பையோ விரித்து உங்களைப் பெரிதாகக் காட்டி, சத்தம் போட்டபடி பின்னால் நகருங்கள். கீறலோ கடியோ பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு 108-க்கு அழையுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி சிறுத்தைக் கடிக்கும் கட்டாயம். சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் தடவி விட்டுவிடக் கூடாது.

ஆட்டுப்பட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா மூங்கில் படலும் கருவேல முள்ளும் வைத்துப் பட்டி அடைத்திருந்தார். ஐந்தடி உயரம், மேலே வானம். ஒரு மார்கழி ராத்திரி சிறுத்தை உள்ளே குதித்துவிட்டது. காலையில் பார்த்தால் ஏழு ஆடு செத்துக் கிடக்கிறது. தூக்கிக்கொண்டு போனது ஒன்றைத்தான். அப்பா அதற்கு வெறி பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடப்பது என்னவென்றால், மூடிய இடத்தில் ஆடுகள் கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடும்போது அது கண்ணில் படுவதையெல்லாம் அடித்துப் போட்டுவிடும். ஆகவே அரைகுறைப் பட்டி, பட்டியே இல்லாததைவிட மோசம்.

பட்டிக்கு முதலில் வேண்டியது கூரை. வேலி எட்டடி இருந்தாலும் மேலே திறந்திருந்தால் சிறுத்தை ஏறிவிடும். ஓடோ தகரமோ முடியாதவர்கள் மேலே சங்கிலி வலையாவது இழுத்துக் கட்டுங்கள். அடுத்தது கதவு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே உங்கள் தலை நுழைகிற சந்து இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது என்று அர்த்தம். கீழே மண்ணைத் தோண்டி வராமல் ஒரு வரிசைக் கல் பதித்துவிடுங்கள். பட்டி வீட்டை ஒட்டி, ஆள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கழனிக் கொட்டாயில் காவல் இல்லாமல் ஆட்டைக் கட்டிவிட்டு வருகிற பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். சுற்றி இருபதடிக்கு உண்ணிச்செடிப் புதரையும் சீமைக் கருவேலத்தையும் வெட்டிவிட்டால் அது பதுங்க இடமில்லை.

சூரிய ஒளியில் இயங்கும் விட்டு விட்டு எரியும் விளக்குகள் ஓரளவு உதவும். கென்யாவில் சிங்கத்திடமிருந்து மாடுகளைக் காப்பாற்ற ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன் பழைய வண்டி பேட்டரியை வைத்து இப்படி ஒன்றைச் செய்தான். டார்ச்சோடு ஆள் நடக்கிற மாதிரி மாறி மாறி மின்னும். ஆனால் விளக்கு ஒரே இடத்தில் ஒரே மாதிரி மாதக்கணக்கில் எரிந்தால் மிருகம் பழகிக்கொள்ளும். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

செலவு? எங்கள் தெருவில் பட்டி வைத்திருக்கும் வீடுகள் சேர்ந்து மொத்தமாக வலை வாங்கினோம், வேலையை மாற்றி மாற்றி நாங்களே செய்தோம். தனித்தனியாக வாங்கியிருந்தால் பாதி வீட்டுக்கு முடிந்திருக்காது.

நாய் வளர்த்தால் போதாதா?

குரைத்து எழுப்ப நாய் நல்லது, சண்டை போட இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்ற நாயின் பெயரையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாயை ராத்திரி வாசலில் சங்கிலியில் கட்டி வைத்தால், அதை நாமே சிறுத்தைக்குக் கொடுக்கிறோம். உள்ளே படுக்க வையுங்கள்.

ஆடு போனால் பணம் கிடைக்குமா? அலைந்து அலைந்து செருப்புதானே தேயும்?

கிடைக்கும். ஆனால் முதல் நாள் நாம் செய்வதைப் பொறுத்தது. செத்த ஆட்டை நகர்த்தாதீர்கள், உரிக்காதீர்கள். கழுத்துக் கடி, இழுத்த தடம், காலடி எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். உடனே வனக்காப்பாளருக்கோ வனவருக்கோ சொல்லுங்கள். கால்நடை மருத்துவரின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு நகல் சேர்த்து மனுவை அன்றோ மறுநாளோ கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள். தொகை அரசாணைக்கு அரசாணை மாறும் என்பதால் வனச்சரக அலுவலகத்தில் இன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மனித உயிர் போனால் 10 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் தன் திட்டத்தில் உயர்த்தியது.

நான் சொன்ன ஏழு ஆட்டில், அப்பா உரித்துப் புதைத்துவிட்ட இரண்டுக்கு ஒன்றும் வரவில்லை. மிச்சம் ஐந்துக்கு எட்டு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அதற்குள் வீட்டில் நகை அடகுக்குப் போய்விட்டது. எட்டு மாதம் கழித்து வரும் பணம் கோபத்தைக் குறைக்காது என்பதை நான் அங்கேதான் கற்றேன். அந்த எட்டு மாதத்தில்தான் ஒருவன் சிறுத்தையைக் கொல்ல, செத்த ஆட்டின் மேல் குருணை மருந்தை, அதாவது பூச்சிமருந்து விஷத்தை, தூவ யோசிக்கிறான்.

'மக்களே முன்நின்று காப்பது' என்கிறார்களே, அது என்ன? வனத்துறை சொல்வதைக் கேட்டு நடப்பதா?

இல்லை. முடிவெடுப்பதில் ஊருக்குப் பங்கு இருக்க வேண்டும், பணத்திலும் பொறுப்பிலும் பங்கு இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயர் பொருந்தும்.

எனக்குப் பிடித்த உதாரணம் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள கிப்பர் கிராமம். அங்கே பிரச்சினை பனிச்சிறுத்தை. 1990களின் பிற்பகுதியில் அந்த ஊரே கூடி, மேய்ச்சல் நிலத்தில் கொஞ்சம் இடத்தை மேய்க்காமல் ஒதுக்கியது. அங்கே காட்டு ஆடுகள் பெருகின. 2002 வாக்கில் கால்நடைக் காப்பீட்டை ஊர்க் குழுவே நடத்தத் தொடங்கியது. வளர்க்கிறவர் சந்தா கட்டுவார், வெளி அமைப்பு ஒன்று பக்கத்தில் நின்று உதவும், இழப்பு நடந்தால் ஊர்க் குழுவே பார்த்து உண்மையா என்று முடிவு செய்து பணம் தரும். யாருடைய மாடு எதனால் செத்தது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதா? பொய்க் கணக்கும் குறையும், தாமதமும் குறையும்.

கென்யாவின் அம்போசெலி பகுதியில் மாசாய் இளைஞர்கள் ஒரு காலத்தில் சிங்கத்தைக் கொன்று பேர் வாங்கியவர்கள். 2007 முதல் அவர்களில் சிலரே சிங்கக் காவலர்களாகச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். காலையில் சிங்கத்தின் தடத்தைப் பார்த்து 'இன்று அந்தப் பக்கம் மாட்டை ஓட்டாதே' என்று சொல்வதும், வழிதவறிய கன்றைத் தேடித் தருவதும், உடைந்த பட்டியைக் கட்டிக் கொடுப்பதும் அவர்கள் வேலை. தடம் பார்க்கும் அறிவு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. ஜவ்வாது மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் அந்த அறிவு இன்றும் இருக்கிறது. அதற்குச் சம்பளம் கொடுக்கத்தான் இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நம் ஊரில் இதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. 1997-ல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் உருவாயின. பல ஊர்களில் பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டன. 2006-ன் வன உரிமைச் சட்டம் அதைவிடப் பலமானது. காட்டில் வாழும் பழங்குடிகளுக்கும் பாரம்பரியமாகக் காட்டை நம்பி வாழ்பவர்களுக்கும், தங்கள் சமூகக் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் அது உரிமை தருகிறது. காட்டையும் வன உயிர்களையும் காக்கும் அதிகாரம் கிராம சபைக்கே உண்டு. ஜவ்வாது மலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகளுக்கு நேராக இன்னமும் 'வட ஆற்காடு' என்ற பழைய பெயர்தான் அச்சாகியிருக்கிறது. மாவட்டம் போனாலும் உரிமை போகவில்லை.

கரும்பு வெட்டும்போது குட்டி கிடைத்தால்?

தொடாதீர்கள், செல்ஃபி எடுக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அம்மா பக்கத்தில்தான் இருக்கும். அந்த மூலையில் வெட்டை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மகாராஷ்டிராவில் குட்டிகளைக் கிடைத்த இடத்திலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று காத்திருப்பார்கள். ராத்திரியில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். குட்டியைப் பறிகொடுத்த தாய் அந்த வயலைச் சுற்றிச் சுற்றி வரும். அதைவிட ஆபத்து வேறில்லை.

ஊருக்குள் மாட்டிக்கொண்ட சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதே?

2024 ஜூனில் திருப்பத்தூர் நகரத்தில் பள்ளி வளாகத்துக்குள் ஒன்று புகுந்துவிட்டது. இரவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். இப்படி நேரத்தில் பெரிய ஆபத்து கூட்டம்தான். வழி அடைபட்ட சிறுத்தை எதிரே இருப்பவர் மேல் பாயும். மயக்க ஊசி போட்டாலும் உடனே விழாது, சில நிமிடம் ஓடும். கதவைச் சாத்துங்கள், மாடியில் நில்லுங்கள், காட்டுப் பக்கம் ஒரு வழியைத் திறந்து விடுங்கள். இருட்டினால் பல சமயம் அதுவே போய்விடும். ஊர் இளைஞர்களில் பத்துப் பேரை முன்கூட்டியே பேசி வைத்துக் கூட்டத்தைத் தடுக்கும் வேலையைக் கொடுத்தால், மயக்க ஊசிக் குழுவுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயில் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடியில்) சிறுத்தை செத்தால் நம் மேல் கேஸ் வருமா?

வரும். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். சுருக்குக் கம்பிக்கும், வேலியில் திருட்டு மின்சாரம் விடுவதற்கும் இதுதான். மின்வேலியில் சாவது பல சமயம் பக்கத்துக் கழனிக்காரராகவே இருக்கிறார்.

தடத்தைப் பார்த்துச் சிறுத்தை என்று எப்படிச் சொல்வது?

நாய்த் தடத்தில் நகம் பதியும், சிறுத்தைத் தடத்தில் பதியாது. உள்ளங்கால் பின்பக்கம் மூன்று மேடாகத் தெரியும். காட்டுப்பூனையின் தடமும் இதே மாதிரிதான், ஆனால் மிகச் சிறியது. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்தால் அளவு புரியும்.

ஒரு பாட்டி கேட்டது: "ஏம்பா, இந்த மிருகம் இருந்து நமக்கு என்ன லாபம்?"

மல்லாட்டைக் (நிலக்கடலை) கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போகிறதே பாட்டி, அந்தப் பன்றிக்குட்டிகளைத் தின்கிற மிருகம் இது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் விடவில்லை. "பன்றி போவது கொல்லை வச்சிருக்கிறவனுக்கு லாபம். ஆடு போவது எனக்கு நஷ்டம்" என்றார்.

அவர் சொன்னது சரி. காடு இருப்பதால் மோர்தானா அணைக்குத் தண்ணீர் வருகிறது, குடியாத்தத்துக்காரர் குடிக்கிறார். சிறுத்தை இருப்பதால் நாடு முழுக்கப் பெருமை. செலவை மட்டும் நான்கு ஆடு வைத்திருக்கும் ஒரு பாட்டி ஏற்கிறார். அவர் பட்டிக்குக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவரிடம் சேர்ந்து வாழ்வதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கூரையை ஊராட்சிப் பணத்தில் போட முடியுமா என்றுதான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊரில் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எந்த நேரம், யார் வீட்டு ஆடு, பட்டி மூடியிருந்ததா, பக்கத்தில் கழிவு மூட்டை கிடந்ததா என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் எந்த மூன்று வீடுகளுக்கு முதலில் கூரை வேண்டும், எந்த இடத்தில் விளக்கு வேண்டும் என்று அந்த நோட்டே காட்டிவிடும். அதை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. வாயால் சொன்னால் பதிவாகாது. தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.